கடைசிக்குப் போன வாக்கியம்

பத்தி எழுதுவது எப்படி என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். சொல்ல வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்பதை அடுத்தடுத்த வாக்கியங்களில் சொல். ஒரு பத்திக்கு ஒரு விஷயம்தான். இன்னொன்று குறுக்கே வந்தால் அதற்கு வேறு பத்தி இருக்கிறது. முடிக்கும்போது வழவழவென்று இழுக்காதே. இவ்வளவுதான் சூத்திரம். திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த டியூஷன் சென்டரில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன். மத்தியானச் சோறு உள்ளே இறங்கிய நேரம், பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். நான் சாக்பீஸால் எறிவேன். குறி தப்பியதில்லை.

ஒருமுறை ஒரு பெண் எழுந்து, "மொதல்லயே சொல்லிட்டா மிச்சத்த யார் மிஸ் படிப்பாங்க?" என்று கேட்டாள். பேப்பர் திருத்துகிறவருக்கு நேரமில்லை, முதல் வரியைப் பார்த்தே மார்க் போட்டுவிடுவார் என்று அன்று பதில் சொன்னேன். இப்போது கேட்டால் வேறு பதில் சொல்வேன். விஷயம் தலையில் இருந்தால், அதை வெட்டியதும் முண்டமாக நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விஷயம் வாலில் இருந்தால், வெட்டினாலும் ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பாடத்தை எந்தக் கல்லூரியிலும் நான் படிக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்டேன். அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

எங்கள் குப்பம் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டியது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. ஆண்கள் கடலுக்குப் போவார்கள். அப்பா செத்துப்போன பிறகு அம்மா ஆற்றுக்குப் போக ஆரம்பித்தாள். தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்துகொண்டே, சேற்றுக்குள் இரண்டு கைகளாலும் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்வியிருப்பாள். அதனால் ஆற்றில் இருக்கும்வரை அவளால் பேச முடியாது. கரையேறியதும் சேர்த்து வைத்துத் திட்டுவாள். அப்படித் துழாவித்தான் என்னை ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் படிக்க வைத்தாள். எங்கள் குப்பத்தில் இன்னும் பல பெண்கள் அந்தச் சேற்றை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். விதவைகள், குடிகாரர்களுக்கு வாக்கப்பட்டவர்கள், படகில் பங்கு இல்லாத வீட்டுக்காரிகள். கடலில் இறங்க ஆண் வேண்டும். ஆற்றுக்கு முட்டியும் கையும் போதும்.

என் வீட்டுக்காரரும் அதே குப்பம்தான். படகில் அவருக்கு வாந்தி வரும். மீனவன் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட அவமானம் வேண்டாம். அதனால் ஹார்பருக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனார். காலையில் கேட்டின் முன்னால் கூட்டமாக நிற்க வேண்டும், மேஸ்திரி பெயர் கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் குரல் மட்டும் அப்படி ஒரு குரல். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது மைக் அவர் கையில்தான் இருக்கும். "சொம்பு எடுத்துகினு வாங்க தாய்மாரே" என்று அவர் கூப்பிட்டால், வீட்டில் கூழ் வேண்டாதவர்களும் சொம்போடு வருவார்கள். குரலைக் கேட்டுக் கல்யாணம் செய்துகொள்ளும் முட்டாள்கள் உலகத்தில் உண்டு. நானும் அதில் ஒருத்தி. பிடித்திருந்தது, செய்துகொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். முகத்துவாரத்தில் கப்பலிலிருந்து கரி இறக்குவதற்கு மேடை கட்டப்போவதாக ஒரு கம்பெனி வந்தது. படம் போட்டுக் காட்டினார்கள். அம்மாவும் மற்றப் பெண்களும் முட்டிபோட்டு நகரும் சேற்றின் மேல்தான் அந்த மேடை நின்றது. அரசாங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. ஊருக்கு ஒருவர் பேசலாம், பேசியதை எழுத்திலும் கொடுக்க வேண்டும், நீட்டி முழக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர்க் கூட்டம் கோயில் வாசலில் நடக்கும். ஆண்கள் மட்டும் உட்காருவார்கள். ஆளுக்கு ஒன்று பேசுவார்கள், சண்டை போடுவார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு, கடைசியில் தலைவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதுதான் முடிவு. அந்த முடிவை வெளியில் சொல்ல ஒருவரை அனுப்பினால், அவர் வாய்தான் ஊர் வாய். அவர் பேசி முடித்த பிறகு குப்பத்தைச் சேர்ந்த வேறு யாரும் அங்கே வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஊரை அவமதித்ததாக ஆகும். தண்டம் போடுவார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

கரி மேடை வேண்டாம் என்று ஊர்க் கூட்டம் முடிவு செய்தது. எழுதுவதற்கு என்னையும் வாசிப்பதற்கு என் வீட்டுக்காரரையும் சொன்னார்கள். "எழுதறதும் படிக்கறதும் ஒரே வூட்ல கீது, நமக்கு அலைச்சல் மிச்சம்" என்று தலைவர் சிரித்தாராம். பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாம் வகுப்புக்குச் சொல்லித்தந்த பத்தி முதல்முறையாக ஒரு காரியத்துக்குப் போகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதினேன். "முகத்துவாரத்தில் கரி மேடை எங்கள் ஊருக்கு வேண்டாம்." இதுதான் முதல் வாக்கியம். பிறகு, இந்தச் சேற்றில் எங்கள் பெண்கள் கையால் இறால் பிடித்து வாழ்கிறார்கள் என்று எழுதினேன். முகத்துவாரம் தூர்ந்துபோய் இறால் வரத்து குறைந்துவிட்டது, கடலிலும் முன்னைப் போல் மீன்பாடு இல்லை, பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள் என்பதும் உண்மைதான் என்று எழுதினேன். எதிராளி சொல்லப்போவதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும், பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதுவும் நான் வகுப்பில் சொல்வதுதான். மிச்சம் இருக்கிற ஆற்றையும் மூடிவிட்டால் இந்தப் பெண்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று முடித்தேன். நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தை எடுக்க முடியாது, நகர்த்த முடியாது. எனக்கு அவ்வளவு திருப்தி.

வீட்டுக்காரர் இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் படித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் நான் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாமே, எடுத்தவொடனே வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாரி எழுதிக்கிற?"

"வேணாம்னுதான சொல்லப் போறோம்? அத்த மொதல்ல சொன்னா இன்னா?"

"நம்ம கூட்டத்துல யார்னா தீர்ப்ப மொதல்ல சொல்றாங்களா? எல்லாம் பேசிட்டுக் கடைசில சொல்றதுதான் நிக்கும். மைக்ல பேசறவன் நான், எனக்குத் தெரியும். மொதல் வரி பேசறப்போ ஜனம் இன்னும் நாற்காலிய இழுத்துப் போட்டுகினு இருக்கும். எவன் காதுலயும் வியாது."

"ஆபீஸருங்க மொதல் வரியத்தான் குறிச்சிப்பாங்க."

"ஆபீஸருக்கா எழுதிகினு கீற? நம்ம ஜனத்துக்கு எழுது. நம்ம கஷ்டத்த மொதல்ல சொல்லு. பிள்ளைங்க வேலையில்லாம கீறத சொல்லு. எறா இல்லாதத சொல்லு. அவனுங்க மனசு எளகட்டும். எளகனப்புறம் போடு, வேணாம்னு. ஆணி அடிச்ச மாரி எறங்கும்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கல்யாணமாகி அத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பத்திரிகையில் என் பெயர் வந்தபோதுகூட அதில் சுண்டல் மடித்துக்கொண்டு போனவர். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வாக்கியம் எங்கே வர வேண்டும் என்று என்னோடு வாதாடுகிறார். அதிலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதப்பட்ட பத்திக்கு ஒரு ஒழுங்கு, கேட்கப்படுகிற பத்திக்கு ஒரு ஒழுங்கு. கேட்கிற ஜனத்தின் காது கடைசி வாக்கியத்துக்காகக் காத்திருக்கும் என்றால் அதைக் கடைசியில் வைப்பதுதானே முறை? நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெங்காயத் தட்டைத் தள்ளிவிட்டு அங்கேயே மாற்றி எழுதினேன்.

"எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டு வேலை தேடி அலைகிறார்கள். கடலில் மீன்பாடு குறைந்துவிட்டது. முகத்துவாரம் தூர்ந்து இறால் வரத்தும் முன்னைப் போல் இல்லை. எங்கள் பெண்கள் நாளெல்லாம் சேற்றில் கிடந்தாலும் பறி நிறைவதில்லை. இந்த ஆற்றை மட்டும் நம்பி இனி எத்தனை நாள் வாழ முடியும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் இருக்கிற இந்த ஆற்றை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள், முகத்துவாரத்தில் கரி மேடை எங்கள் ஊருக்கு வேண்டாம்."

ஆற்றை மட்டும் நம்பி எத்தனை நாள் என்கிற வாக்கியம் அவர் சொல்லி நான் எழுதியது. "இத்த சேத்தா கும்முனு இருக்கும்" என்றார். கும்மென்றுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்தில் ஒருத்தி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுவே இருக்கட்டும், இனிமே மாத்தாத" என்றாள் அம்மா. டைப் அடிக்கத் திருவொற்றியூருக்கு நானே போகிறேன் என்று சொன்னேன். அங்கே போனால் உனக்கு டியூஷனுக்கே நேரம் சரியாக இருக்கும் என்று வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டம் எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் போலீஸ், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, கம்பெனிக்காரர்கள் கொடுத்த தண்ணீர் பாக்கெட். மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஆண்கள் நடுவில், பெண்கள் பின்னால். எங்கள் ஊர் பெயரைக் கூப்பிட்டதும் என் வீட்டுக்காரர் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு மைக்குக்குப் போனார்.

வாசித்தார். அந்தக் குரலில் என் வாக்கியங்கள் மண்டபம் முழுவதும் நிறைந்தன. பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள் என்றபோது கம்பெனிக்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள். பறி நிறைவதில்லை என்றபோது பின்னால் பெண்கள் உச் கொட்டினார்கள். "இந்த ஆற்றை மட்டும் நம்பி இனி எத்தனை நாள் வாழ முடியும் என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று படித்தார். நிறுத்தினார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். காகிதத்தை மடித்து அதிகாரியிடம் கொடுத்தார், கும்பிட்டார், வந்து உட்கார்ந்துவிட்டார்.

முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். எங்கள் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஊர் வாய் பேசி முடித்துவிட்டது. இனி யார் வாயைத் திறப்பது? அடுத்த ஊரின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, இன்னும் ஒரு வாக்கியம் இருக்கிறது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அதை எழுதினது நான்தான் ஐயா. கரி மேடை வேண்டாம் என்று கடைசியில் இருக்கிறது. கையில் கொடுத்த தாளைப் பாருங்கள்."

அவர் தாளைப் பிரித்துப் பார்த்தார். பொறுமையான மனிதர், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதாம்மா இருக்கு. உங்க ஊர் சார்பா பேசறவர் பேசிட்டார். உங்களுக்குத் தனியா கருத்து இருந்தா எழுதிக் கொடுங்க, வாங்கிக்கறேன்" என்றார். டைப் அடித்து வந்ததே அவ்வளவுதான். அந்த வாக்கியம் திருவொற்றியூரிலேயே செத்துப்போயிருக்கிறது. எங்கள் ஆண்களில் ஒருவர் திரும்பி, "ஊர் பேசினதுக்கு அப்பால இன்னா பேச்சு, ஒக்காரு" என்று அதட்டினார். தனியாக எழுதிக் கொடுத்தேன். ஒரு ஊரின் குரலுக்கு முன்னால் ஒருத்தியின் காகிதம் எந்த மூலைக்கு? ஊர் மக்கள் வேலைவாய்ப்பை எதிர்பார்க்கிறார்கள் என்று குறிப்பில் ஏறியது. அப்படித்தான் ஏறும். அந்தப் பத்தியை என்னிடம் கொடுத்துச் சாரம் எழுதச் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இதுவரை அவர் என்று எழுதினேன். இனி என்னால் முடியாது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "விட்டுப்போச்சா, விட்டியா?"

"நீ எழுதினதுல ஒரு வார்த்தைய மாத்தல நானு" என்றான்.

"வெங்காயம் நறுக்கறப்போ பக்கத்துல வந்து குந்துனியே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "எத்தினி நாளு கேட்டாண்ட நின்னுகினு பேர் கூப்புடுவானான்னு பாக்கறது? கம்பெனில நிரந்தரமா போட்டுத் தரோம்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் இல்ல, நம்ம பசங்களுக்கும். நீயே எழுதிக்கிற இல்ல, பசங்க அலையிறாங்கன்னு?"

அன்றைக்கே முடிவு பண்ணியிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலைக்காகப் பல்லைக் காட்டியிருந்தால் புரிந்துகொள்வேன். வாசிக்கும்போது பயந்து விட்டுவிட்டேன் என்றால்கூட நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு மன்னித்திருப்பேன். இவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தொழிலைப் பேசி, என்னைச் சந்தோஷப்படுத்தி, வெட்டுவதற்கு வசதியான இடத்துக்கு அந்த வாக்கியத்தை என் கையாலேயே நகர்த்த வைத்தான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். ஒருவர் என் எழுத்தைக் கவனித்துப் படித்தால் இன்றைக்கும் தாளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

ஊரில் கொஞ்ச நாள் கொதித்தார்கள். அதிகாரி கை காட்டினார், நேரம் முடிந்துவிட்டது என்று அவன் சொன்னான். தலைவர் வீட்டுப் பையனுக்கும் வேலை என்று தெரிந்ததும் கொதிப்பு அடங்கியது. முகத்துவாரத்தில் கம்பம் நட்டுக் கம்பி வேலி போட்டார்கள். அவனுக்கு நீலச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையும் கிடைத்தது. குழாயடியில் நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட நாடகம் என்றும், நான் மண்டபத்தில் எழுந்து கத்தியதுகூட அதில் ஒரு காட்சிதான் என்றும் பேசிக்கொண்டார்களாம். கண்ணைத் துடைத்துக்கொண்டாளே ஒருத்தி, அவள் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அதன் பிறகு பக்கத்துத் தெருக் குழாய்க்குப் போனேன்.

ஒருநாள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி மூட்ட?"

"இனிமே அவன் கூட இருக்க மாட்டேன். நீ எறா புடிக்கிற ஆத்தயே குடுத்துட்டு வந்து நிக்கறான். அவனுக்கு நான் சோறு ஆக்கிப் போடணுமா?"

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அவன் மேல கோவிச்சிக்காத. என்னாண்ட கேட்டுகினுதான் செஞ்சான்."

எனக்குப் புரியவில்லை. என்ன கேட்டான் என்றேன்.

"நீ மொதல்ல எழுதுனியே, அப்பவே வந்தான். அத்தே, இந்த மாரி வேல சொல்றாங்க, நீ வேணாம்னா நான் வேணாம்னு சொல்லிட்றேன்னான். நான்தான் சரின்னேன். என் முட்டி போய்ப்போச்சி கண்ணு. நான் இன்னும் எத்தினி வருசம் சேத்துல கெடப்பேன்? நீயும் டியூசன் டியூசன்னு ஓடிகினே கீற. அவன் அந்தக் கேட்டாண்டயே கெயவன் ஆயிடுவான். உனக்கு ஒரு நெலையான சோறு வேணாமா?"

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிக்கலாமே?"

"சொன்னா நீ அப்டி எழுதியிருப்பியா?" என்றாள் அம்மா. "நீ மனசார எழுதுனாத்தான் ஊரு நம்பும்."

"மத்த பொம்பளைங்க? அவங்களுக்கு எந்த மருமவன் கீறான்?"

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி எடுத்து முட்டியில் தேய்த்தாள். பல்லில் பறியைக் கவ்வியிருப்பவள் போல இருந்தது அவள் முகம். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

புருஷன் துரோகம் செய்தால் அவன் மேல் கோபப்படலாம், திட்டலாம், மூட்டை கட்டலாம். எனக்காக எனக்கே துரோகம் செய்த அம்மாவை என்ன செய்வது? அவள் ஆற்றுக்காக எழுதினேன். அவளோ என் சோற்றுக்காக அந்த ஆற்றை விட்டுக்கொடுத்திருக்கிறாள், கூடவே தன்னோடு முட்டிபோட்டு நகர்ந்த அத்தனை பேரின் ஆற்றையும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவனோடுதான் இருந்தேன், இருக்கிறேன். அவன் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். அந்தப் பெண்களில் சிலர் கொருக்குப்பேட்டைப் பக்கம் வீட்டு வேலைக்குப் போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியாது. மிச்சம் இருக்கிறவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த வாக்கியத்தை எடுத்தது நான் இல்லை என்று அவர்களிடம் சொல்லலாம். சொல்ல ஆரம்பித்தால் அம்மா பெயரில்தான் போய் முடியும். அவளோடு அவர்கள் இன்னும் பேசுகிறார்கள், மாலையில் அவள் வாசலில் வந்து உட்காருகிறார்கள். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.